பாராட்டு முந்தியது, சட்டம் பிந்தியது: பாலித் தீவின் இரண்டு மாணவிகள்

போன தவணைச் சோதனையில் 'நீர்நிலைகளைப் பாதுகாப்பதில் இளைஞர்களின் பங்கு' என்று ஒரு தலைப்பு கொடுத்திருந்தேன். படிவம் 5 மாணவர்கள், மொத்தம் 32 கட்டுரைகள். முக்கால்வாசி 'இளைஞர்களே நாட்டின் முதுகெலும்பு' என்று தொடங்கின. 'விழிப்புணர்வை ஏற்படுத்த வேண்டும்' என்ற வரி எல்லாவற்றிலும் இருந்தது. ஆனால் 32 கட்டுரையிலும் ஓர் இளைஞரின் பெயர் இல்லை. ஓர் ஆற்றின் பெயர்கூட இல்லை.

பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாம் கொடுக்கிற மாதிரிக் கட்டுரைகளே அப்படித்தான் இருக்கின்றன. அதனால் இந்த முறை எனக்கு ஓரளவு நன்றாகத் தெரிந்த ஒரே ஒரு நிகழ்வை எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். நடந்தது நமக்குப் பக்கத்து நாட்டில்தான். ஆண்டுகள், பெயர்கள் எல்லாம் இருக்கின்றன. வரலாற்றுக் கட்டுரைக்கும் ஆகும், மொழிப்பாடக் கட்டுரைக்கும் ஆகும். படித்துக்கொண்டே போகும்போது ஒரு கேள்வியை மட்டும் மனதில் வைத்திருங்கள்: இளையோர் ஒரு நல்ல காரியம் செய்தால் அதை 'அங்கீகரிப்பது' என்றால் என்ன? மேடை ஏற்றிக் கைதட்டுவதா, அவர்கள் கேட்டதைச் செய்து கொடுப்பதா?

பாலியின் தண்ணீர்

இந்தோனேசியாவின் பாலித் தீவைச் சுற்றுலா விளம்பரத்தில் பார்த்திருப்பீர்கள். படிப்படியாக இறங்கும் நெல் வயல்களின் படம்தான் பெரும்பாலும் இருக்கும். அந்த வயல்களுக்கு எரிமலைப் பக்கத்து ஏரிகளிலிருந்தும் ஆறுகளிலிருந்தும் தண்ணீர் வருகிறது. யார் வயலுக்கு எப்போது எவ்வளவு என்று முறை வைத்துப் பங்கிடும் உழவர் அமைப்புக்கு 'சுபாக்' என்று பெயர். நூற்றாண்டுகளாக இருந்து வருகிறது. 2012-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதாவது பாலியில் மலையும் வயலும் கடலும் ஒரே தண்ணீரால் கட்டப்பட்டவை. மேலே ஓடையில் எதைப் போட்டாலும் அது கால்வாய் வழியாக வயலுக்கு வரும், அங்கிருந்து ஆற்றுக்கு, கடைசியில் கடலுக்கு.

ஒரு காலத்தில் அங்கே பொட்டலம் என்றால் வாழையிலைதான், நம் பாட்டி காலத்து நாசி லெமாக் மாதிரி. தின்றுவிட்டு இலையை ஓடையோரம் வீசினால் நாலு நாளில் மக்கிப்போகும். பிறகு பிளாஸ்டிக் வந்தது. இலை மாறிப்போச்சு, வீசுகிற பழக்கம் மாறவில்லை. குப்பை லாரி எட்டாத கிராமங்களில் வேறு வழியும் கிடையாது, ஒன்று எரிக்க வேண்டும் அல்லது பள்ளத்தில் கொட்ட வேண்டும். மழைக்காலம் வந்ததும் பள்ளத்தில் கிடந்ததெல்லாம் ஆற்றோடு கடலுக்குப் போகும். டிசம்பர் முதல் மார்ச் வரை வீசும் மேற்குப் பருவக்காற்று அதை மறுபடி கரைக்குத் தள்ளும். மேற்குப் பார்த்த கூத்தா கடற்கரையில் வந்து குவியும்.

இது பாலிக்கு மட்டும் உள்ள சங்கடம் இல்லை. 2015-இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு, 192 கடலோர நாடுகளின் 2010-ஆம் ஆண்டு நிலவரத்தைக் கணக்கிட்டது. முறையாகக் கையாளப்படாத பிளாஸ்டிக் கழிவில் சீனா முதலிடம், இந்தோனேசியா இரண்டாமிடம். நம் மலேசியா எட்டாமிடம். பக்கத்து வீட்டுக் கதை என்று தள்ளிவிட முடியாது.

வகுப்பறையில் தொடங்கியது

2013-இல் பாலியின் 'கிரீன் ஸ்கூல்' என்ற, மூங்கிலால் கட்டிய பள்ளியில் மெலாத்தி வைசன், இசபெல் வைசன் என்ற அக்காள் தங்கை படித்துக்கொண்டிருந்தார்கள். அக்காளுக்கு 12 வயது, தங்கைக்கு 10. ஒருநாள் வகுப்பில் வரலாற்றில் இடம்பெற்ற மனிதர்களைப் பற்றிப் பாடம் நடந்தது. நெல்சன் மண்டேலா, இளவரசி டயானா, மகாத்மா காந்தி. வீடு திரும்பும்போது இரண்டு பேருக்கும் ஒரே யோசனை: இந்த மாதிரி ஏதாவது செய்ய நாம் ஏன் பெரியவர்கள் ஆகும்வரை காத்திருக்க வேண்டும்?

இது அவர்களே பின்னர் பல மேடைகளில் சொன்ன விவரம். ஆசிரியர்களுக்காக ஒரு வார்த்தை: அந்தப் பாடத்தை நடத்திய ஆசிரியர் அன்று சிறப்பாக எதையும் செய்திருக்க மாட்டார். பாடத்திட்டத்தில் இருந்ததைத்தான் நடத்தியிருப்பார். எந்தப் பாடம் எந்தப் பிள்ளைக்குள் போய் உட்காரும் என்று நமக்குத் தெரியாது.

இருவரும் கவனமாகச் செய்த முதல் காரியம், கேட்பதைச் சின்னதாக வைத்துக்கொண்டது. 'கடலைக் காப்போம்' என்று அவர்கள் கிளம்பவில்லை. பிளாஸ்டிக் பை வேண்டாம், அவ்வளவுதான். அப்போதே பல நாடுகள் பைகளைத் தடை செய்திருந்தன. ருவாண்டா 2008-லேயே செய்துவிட்டது. ஏழை நாடு ஒன்றால் முடிந்தது பாலியால் ஏன் முடியாது என்று அவர்களால் கேட்க முடிந்தது. இயக்கத்துக்கு 'பாய் பாய் பிளாஸ்டிக் பேக்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். கடற்கரையில் குப்பை பொறுக்கினார்கள். பெரெரெனான் என்ற கிராமத்தை மாதிரிக் கிராமமாக எடுத்துக்கொண்டு கடைகடையாக ஏறி இறங்கினார்கள். மாற்றுப் பைகளைக் கொடுத்தார்கள்.

கையெழுத்து வேட்டையில்தான் கதை சூடு பிடிக்கிறது. பத்து லட்சம் கையெழுத்து வந்தால் அரசாங்கம் கண்டுகொள்ளாமல் இருக்க முடியாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பத்து லட்சம் என்றால் ஆயிரம் தடவை ஆயிரம் என்பது அப்புறம்தான் அவர்களுக்கு உறைத்ததாம்! இணையம் வழியாகச் சேர்த்தார்கள். மேற்கொண்டு நகரவில்லை. அப்போது விமான நிலையம் ஞாபகத்துக்கு வந்தது. ஆண்டுக்கு 1 கோடியே 60 லட்சம் பேர் வந்துபோகிற இடம். அங்கே போய் அனுமதி கேட்டார்கள். துப்புரவுப் பணியாளரில் ஆரம்பித்து, அவர் இன்னொருவரைக் காட்ட, அவர் வேறொருவரைக் காட்ட, கடைசியில் வணிகப் பிரிவு மேலாளரிடம் போய் நின்றார்கள். அவர் குடிநுழைவு, சுங்கச் சோதனையைத் தாண்டி உள்ளே நின்று கையெழுத்து வாங்க அனுமதித்துவிட்டார். முதல் ஒன்றரை மணி நேரத்தில் கிட்டத்தட்ட ஆயிரம் கையெழுத்து கிடைத்ததாக அவர்கள் சொல்கிறார்கள்.

அந்த மேலாளரை நினைத்துப் பார்க்கிறேன். 'மேலிடத்தில் கேட்டுச் சொல்றேன்' என்று அனுப்பியிருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அனுமதி கொடுத்தார் பாருங்கள், அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்த முதல் அங்கீகாரம் அதுதான் என்பேன்.

காந்தியிடம் கற்றது

கையெழுத்து இருந்தது, கடற்கரையில் ஆள் பலம் இருந்தது. ஆளுநரைச் சந்திக்கத்தான் முடியவில்லை. கடிதம் எழுதினார்கள். பதில் வரவில்லை. அப்போதைய ஆளுநர் மாடே மங்கு பஸ்திகா முன்னாள் காவல் துறை அதிகாரி. 2002 பாலி குண்டுவெடிப்பு விசாரணைக்குத் தலைமை வகித்து உலகம் அறிந்தவர். அவருக்கு ஆயிரம் வேலை இருந்திருக்கும், இரண்டு பள்ளிப் பிள்ளைகளின் கடிதம் எந்த மேசையில் தங்கியதோ.

இந்த நேரத்தில் ஒரு கூட்டத்தில் பேசுவதற்காக இருவரும் இந்தியா போனார்கள். அங்கே காந்தி வாழ்ந்த இல்லம் ஒன்றைப் பெற்றோர் காட்டினார்கள். உண்ணாவிரதத்தை ஓர் ஆயுதமாக அவர் எப்படிப் பயன்படுத்தினார் என்று அறிந்தவுடன், நாமும் உண்ணாவிரதம் இருப்போம் என்று பிள்ளைகள் முடிவெடுத்தார்கள். பெற்றோர் திகைத்துப்போயிருப்பார்கள், எந்தப் பெற்றோரும் திகைக்கத்தான் செய்வார்கள். கடைசியில் உணவியல் நிபுணரின் வழிகாட்டலோடு, சூரிய உதயத்திலிருந்து அஸ்தமனம் வரை மட்டும் சாப்பிடாமல் இருப்பது என்று ஏற்பாடாயிற்று. இது 2014-இல்.

இரண்டாம் நாளே அழைப்பு வந்தது. பள்ளியிலிருந்து காவல் துறைத் துணையோடு ஆளுநர் அலுவலகத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். ஆளுநர் அன்பாகப் பேசினார், நன்றி சொன்னார், பாலி மக்கள் பிளாஸ்டிக் பையைக் கைவிட உதவுவதாக ஓர் உறுதிமொழியில் கையொப்பமிட்டார். பிறகு 2018-க்குள் பாலியைப் பிளாஸ்டிக் பை இல்லாத தீவாக்குவது என்ற இலக்கும் அறிவிக்கப்பட்டது.

பெரும்பாலான மேடைப் பேச்சுகள் இந்த இடத்தில் கதையை முடித்துவிடும். ஆளுநர் கையெழுத்துப் போட்டார், பிள்ளைகள் வென்றார்கள், சுபம். மாணவர்களே, இங்கே நிறுத்தினால் நீங்கள் எழுதுவது வரலாறு ஆகாது. உறுதிமொழி வேறு, சட்டம் வேறு. உறுதிமொழியை மீறினால் யாருக்கும் அபராதம் கிடையாது.

விருதுகளும் குப்பையும் ஒன்றாக வந்த ஆண்டுகள்

அடுத்து வந்த ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2015-இல் லண்டனில் டெட் மேடையில் சகோதரிகள் பேசினார்கள். அந்தக் காணொளி உலகெங்கும் போனது. 2017-இல் ஐக்கிய நாடுகள் சபையில் உலகக் கடல் தினத்தையொட்டிப் பேசினார்கள். அதே ஆண்டு ஜெர்மனியில் 'பாம்பி' விருது. 2018-இல் 'டைம்' இதழ் வெளியிட்ட செல்வாக்குள்ள பதின்ம வயதினர் பட்டியலில் இருவர் பெயரும் இருந்தது.

அதே காலத்தில் சட்டத்தின் பக்கம் என்ன நடந்தது? 2016 பிப்ரவரியில் இந்தோனேசிய அரசாங்கம் இருபதுக்கும் மேற்பட்ட நகரங்களில் பைக்கு 200 ரூப்பியா கட்டணம் வைத்துப் பரிசோதித்தது. நம் காசில் பத்துச் சென்கூட ஆகாது. அதுவும் அந்த ஆண்டு முடிவதற்குள் நின்றுபோனது. 2017 டிசம்பரில் ஜிம்பாரான், கூத்தா, செமிஞாக் பகுதிகளில் ஏறத்தாழ 6 கிலோமீட்டர் கடற்கரைக்குக் 'குப்பை அவசரநிலை' அறிவிக்கப்பட்டது. 700 துப்புரவுப் பணியாளர்களும் 35 லாரிகளும் இறக்கப்பட்டன. ஒரு நாளைக்குச் சுமார் 100 டன் குப்பை அள்ளினார்கள்.

பாம்பி விருதும் குப்பை அவசரநிலையும் ஒரே ஆண்டின் கடைசி இரண்டு மாதத்துக்குள் வந்தவை. இலக்கு வைத்த 2018 அடுத்த மாதம் பிறந்தது. தடை எதுவும் நடப்புக்கு வரவில்லை.

இதில் புதுமை ஒன்றுமில்லை. 1992-இல் ரியோ டி ஜெனிரோ புவி உச்சி மாநாட்டில் செவர்ன் சுசுக்கி என்ற 12 வயதுக் கனடியச் சிறுமி உலகத் தலைவர்கள் முன் பேசினார். தோழிகளோடு சேர்ந்து தானே பணம் திரட்டி அங்கே போனவர். அரங்கமே எழுந்து கைதட்டியது. அந்தப் பேச்சை இன்றும் பள்ளிகளில் போட்டுக் காட்டுகிறோம். பிள்ளைகள் பேசினால் பெரியவர்கள் உருகிப்போவதும், உருகியபின் வீட்டுக்குப் போய்விடுவதும் பழைய வழக்கம்தான்.

விருதே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1997-லிருந்து வழங்கப்படும் ஸ்டாக்ஹோம் இளையோர் நீர்ப் பரிசு இருக்கிறது. தண்ணீர் பற்றிய மாணவர் ஆய்வுகளுக்கான பரிசு அது. சிங்கப்பூர் மாணவர்கள் 2012-லும் 2018-லும் வென்றார்கள். 2012 அணி கழிவுநீரிலிருந்து சலவைப் பொருள் போன்ற வேதிப்பொருள்களைக் களிமண்ணால் பிரித்தெடுக்கும் வழியை ஆராய்ந்தது. அங்கே பரிசுக்குரிய வேலை ஆய்வகத்திலேயே முடிந்துவிடுகிறது, அதனால் பரிசும் வேலையும் பொருந்திப்போகின்றன. பாலியில் கேட்கப்பட்டது ஒரு கொள்கை மாற்றம். அதற்கு விருது விலையாகாது.

தடை எப்படி வந்தது

2018 செப்டம்பரில் வாயான் கோஸ்தர் புதிய ஆளுநராகப் பதவியேற்றார். தலைநகர் டென்பசாரின் நகராட்சி தனக்கென ஓர் ஒழுங்குவிதி கொண்டுவந்து, 2019 ஜனவரி 1 முதல் கடைகளில் பிளாஸ்டிக் பையை நிறுத்தியது. 2018 டிசம்பரில் ஆளுநர் 97/2018 என்ற ஒழுங்குவிதியில் கையொப்பமிட்டார். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பை, பாலிஸ்டைரின், பிளாஸ்டிக் உறிஞ்சுகுழல் மூன்றுக்கும் தீவு முழுக்கத் தடை. ஆறு மாத அவகாசம் கொடுத்து 2019 நடுவில் அமலுக்கு வந்தது. பிளாஸ்டிக் மறுசுழற்சித் தொழில் தரப்பினர் நீதிமன்றம் போனார்கள். 2019-இல் இந்தோனேசிய உச்ச நீதிமன்றம் அவர்கள் மனுவைத் தள்ளுபடி செய்தது. அதோடு மற்ற மாநிலங்களும் நகரங்களும் தைரியமாகத் தடை போடலாம் என்றாயிற்று.

'ஆகவே, சகோதரிகளின் போராட்டமே இந்தச் சட்டத்துக்குக் காரணம்' என்று எழுதலாமா? உயர்நிலைச் சிந்தனை வினாவில் மாணவர்கள் சறுக்குகிற இடம் இதுதான். ஆட்சி மாறியது ஒரு காரணம். குப்பைப் படங்கள் உலகச் செய்தியாகி, சுற்றுலா வருமானம் அடிவாங்கும் என்ற பயம் வந்தது இன்னொன்று. 2015 ஆய்வுக்குப்பின் இந்தோனேசியா இரண்டாமிடம் என்ற பெயர் தேசிய அவமானமாகிப்போனது. உள்ளூர் அமைப்புகள் பல வேறு வேறு மூலைகளில் உழைத்தன. சகோதரிகளின் ஐந்தாண்டு வேலை இவற்றோடு சேர்ந்த ஒரு பங்கு. என் கணிப்பில் அது பெரிய பங்கு. காரணம், அவர்கள் பேச்சைத் தாண்டி ஒரு தேதியை வாங்கி வைத்திருந்தார்கள். 2018 என்று ஆளுநர் மாளிகையே சொன்ன பிறகு, அந்த ஆண்டு வரும்போது 'என்ன ஆச்சு?' என்று கேட்க எல்லாருக்கும் உரிமை வந்துவிட்டது.

அவர்களுக்கு இருந்த வசதியையும் மறைக்கக் கூடாது. கட்டணம் கட்டிப் படிக்கும் பன்னாட்டுப் பள்ளி, சரளமான ஆங்கிலம், மேடைகளுக்குப் போய்வர வழி. சுபாக் கால்வாயில் பை அடைத்துக்கொண்டால் இறங்கி எடுக்கிற உழவர் வீட்டுப் பிள்ளைக்கு டெட் மேடை கிடைக்காது. சகோதரிகளுக்கும் இது தெரியாமல் இல்லை. மலைக்கிராமத்துப் பெண்கள் பழைய துணிகளில் மாற்றுப் பைகள் தைத்து வருமானம் பார்க்கும் 'மவுண்டன் மாமாஸ்' என்ற திட்டத்தையும் அவர்கள் இயக்கம் நடத்தியது. தடை போட்டால் மட்டும் போதாது, கையில் வேறு பை வேண்டுமே.

தடை வந்தபின் குப்பை நின்றதா என்றால், இல்லை. 2021 தொடக்கத்திலும் கூத்தாவில் டன் கணக்கில் கரை ஒதுங்கியது. பை குறைந்தாலும் பாட்டில், பொட்டல உறை எல்லாம் அந்தத் தடைக்கு வெளியே இருந்தன. ஜாவாவிலிருந்து கடல் வழியாக மிதந்து வருவதை பாலியின் ஒழுங்குவிதி எப்படித் தடுக்கும்?

நம் வகுப்புக்கு

இங்கேயும் கட்டணங்கள் உண்டு. பினாங்கு 2011 ஜனவரியிலிருந்து எல்லா நாளும் இலவசப் பையை நிறுத்தியது, அப்போது பைக்கு 20 சென். சிலாங்கூர் 2017-இல் எல்லா நாளுக்கும் விரிவாக்கியது. சிங்கப்பூரின் பெரிய பேரங்காடிகளில் 2023 ஜூலை 3 முதல் குறைந்தது 5 காசு. 20 சென்னை யோசிக்காமல் கொடுத்துவிட்டுப் பை வாங்குகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன், சில நாள் நானும் அந்த வரிசையில்தான் நிற்கிறேன். கட்டணமா தடையா என்று மாணவர்களை இரண்டு அணியாகப் பிரித்து வாதாட விடலாம். பினாங்கு, பாலி இரண்டையும் ஒப்பிட்டால் ஒரு பாடவேளைக்குத் தாராளமாகப் போதும்.

நான் இந்தக் கதையைச் சொல்லி முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு பையன் கேட்டான்: "டீச்சர், அந்த 700 பேருக்கு யாராச்சும் விருது கொடுத்தாங்களா?" எனக்குத் தெரிந்து இல்லை என்றேன். வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது.

அடுத்த வாரம் பள்ளிக்குப் பின்னால் ஓடும் பெரிய கால்வாயைப் போய்ப் பார்த்தோம். அது எங்கே போய்ச் சேருகிறது என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை, எனக்கும்தான். வரைபடத்தை வைத்துப் பார்த்து, கிள்ளான் ஆற்றில் கலக்கிறது என்று இரண்டு மாணவிகள் கண்டுபிடித்தார்கள். பாலத்தடியில் அடைத்துக் கிடப்பதை மூன்று வாரமாகப் படம் எடுத்து, தேதி போட்டுக் குறித்து வைக்கிறார்கள். கடிதமும் தயார். இப்போது ஒரே பிரச்சினை, அதை நகராண்மைக் கழகத்துக்கு அனுப்புவதா, நீர்ப்பாசன வடிகால் துறைக்கு அனுப்புவதா என்பதுதான். கால்வாய் யாருடையது என்று விசாரிக்க இரண்டு பேரை அனுப்பியிருக்கிறேன்.